நான்கெல்லைக்கு உட்பட்டது

எங்கள் பக்கத்தில் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு வாய்பாடு உண்டு. வாய்க்காலுக்குத் தெற்கு, தெருவுக்கு வடக்கு, கோயில் மதிலுக்குக் கிழக்கு, அடுத்த வீட்டு மனைக்கு மேற்கு, ‘இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட’ மனையும் அதில் கட்டிய வீடும் என்று எழுதிக்கொண்டே போவார்கள். வீட்டைப் பற்றி அந்தப் பத்திரத்தில் வேறொன்றும் இராது. எந்த அறையில் யார் பிறந்தார்கள், எந்தத் தூணில் சாய்ந்து தாத்தா விசிறிக்கொண்டார் என்பவையெல்லாம் சார்பதிவாளருக்குத் தேவையில்லாதவை. எல்லைகள் நான்கும் தெளிவாக இருந்தால் போதும். உள்ளே இருப்பவை தாமாக அடங்கும்.

1996-ஆம் ஆண்டு, தந்தையார் காலமான மறு ஆண்டில், வெண்ணாற்றங்கரையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அப்படியொரு பத்திரம் எழுதப்பட்டது. நான் தில்லியிலிருந்து பத்து நாள் விடுப்பில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடித்துப் போய்க் கையொப்பமிட்டுத் திரும்பினேன். முற்றத்தின் நடுவே சுவர் எழும்பியது. கிணறு அண்ணன் பாகத்தில் போயிற்று. அம்மாவும் அண்ணன் பாகத்திலேயே இருந்தார். பணத்தால் எங்களுக்குள் மனத்தாங்கல் ஏதும் வரவில்லை. கிணற்றை எந்தப் பக்கம் விடுவது என்பதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்ற ஒரு சிறு முள் மட்டும் என் நெஞ்சில் தங்கிவிட்டது. தில்லியில் குழாய்த் தண்ணீர் பிடிக்கிறவனுக்குக் கிணறு எதற்கு என்று அண்ணன் நினைத்திருக்கக் கூடும். அது நியாயமும் ஆகும். ஆனாலும் முள் உறுத்திக்கொண்டே இருந்தது.

கணிப்பொறியில் நேர்ந்த ஓர் இழப்பைச் சொல்ல உட்கார்ந்தவன் பத்திரத்தில் தொடங்குகிறானே என்று வாசகர்கள் நினைக்கலாம். அந்த இழப்பின் தன்மையை எனக்கு விளக்கியது இந்தப் பத்திரந்தான். இப்பொழுது அதை எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்குரிய வழக்கமான ஆதரவு நின்றுபோயிற்று. ‘பழைய பொறியைத் தூக்கி எறிவானேன், லினக்ஸ் நிறுவிக்கொள்ளலாமே’ என்ற பேச்சு நம் வீடுகளில் கேட்கிறது. நல்ல யோசனைதான். 2014-ஆம் ஆண்டில் எனக்கும் இதே யோசனை தோன்றியது.

அப்போது மயூர் விஹாரில் குடியிருந்தோம். வீட்டிலிருந்த கணிப்பொறி 2008-இல் நேரு பிளேஸில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது. அதில் இருந்த வட்டு ஒன்றுதான்; 320 ஜிகாபைட் கொள்ளளவு உள்ளது. பூட்டிக் கொடுத்த இளைஞர், அக்காலத்து வழக்கப்படி, அதை ஸி, டி, ஈ என்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்தார். “ஸி-யில் விண்டோஸ் இருக்கும், அது கெட்டால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். டி-யில் உங்கள் பொருள்களை வையுங்கள். ஸி போனாலும் டி இருக்கும்” என்று இந்தியில் உபதேசமும் செய்தார். அந்த உபதேசத்தை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். இரண்டு முறை விண்டோஸ் கெட்டது; இரண்டு முறையும் டி-யில் இருந்தவற்றுக்குச் சேதமில்லை. மூன்றாம் முறையும் அவ்வாறே இருக்கும் என்று நம்பியதில் வியப்பில்லை.

டி-யில் இருந்தவை என்ன? தந்தையார் எனக்கு எழுதிய இன்லண்டு கடிதங்களின் படங்கள். பிள்ளைகளின் பள்ளிப் புகைப்படங்கள். நம் சங்க விழாக்களுக்காக நான் தட்டெழுதிய கட்டுரைகள். நண்பர்களிடம் வாங்கிச் சேர்த்த பாட்டுகள், ஆயிரக்கணக்கில். இவற்றோடு, அம்மாவின் பேச்சு.

2011 டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தபோது உள்ளங்கையளவு ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். அம்மாவுக்கு அப்போது எண்பத்தொரு வயது. மாலை வேளைகளில், சுவர் எழும்பியபின் பாதியாகக் குறுகிப்போன முற்றத்தில் உட்கார்ந்து, அவரைப் பேசவிட்டுப் பதிந்தேன். ஒன்பது பதிவுகள், ஏறத்தாழ ஐந்து மணி நேரம். மணமாகி வந்த கதை, பாட்டியின் கைப்பக்குவம், நடவுப் பாட்டு, 1952-ஆம் ஆண்டு நவம்பர் கடைசியில் தஞ்சைச் சீமையைப் புரட்டிப் போட்ட புயல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் தில்லிக்குப் புறப்பட்ட அன்று அண்ணன் வாசல்வரை வந்து, “தம்பி, அம்மா பேசினதை எனக்கும் ஒரு சிடியில போட்டு அனுப்பு” என்றார். அனுப்புகிறேன் என்றேன். அனுப்பவில்லை. மறதி என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டேன். இங்கே உண்மையை எழுதிவிடுகிறேன்: கிணறு அவரிடம் இருக்கிறது, இதுவாவது என்னிடம் மட்டும் இருக்கட்டும் என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிற்று. 2013-இல் அம்மா மறைந்தார். அதற்குப் பிறகும் அனுப்பவில்லை.

2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு விண்டோஸ் எக்ஸ்பி-க்கு ஆதரவு நின்றது. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே அனல் காற்று வீசிக்கொண்டிருக்க, நான் லினக்ஸ் குறுந்தகட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் திட்டம் இதுதான்: ஸி-யில் இருக்கும் காலாவதியான எக்ஸ்பி-யை அகற்றி அங்கே லினக்ஸைக் குடியேற்றுவது, பழைய தமிழ் எழுத்துருவில் தட்டெழுத விண்டோஸ் வேண்டியிருந்ததால், பின்னர் ஈ-யில் புதிய விண்டோஸ் ஒன்றை நிறுவுவது, டி இரண்டுக்கும் பொதுவான களஞ்சியமாக இருப்பது. மூன்றறை வீட்டில் ஓர் அறைக்கு மட்டும் வெள்ளையடிப்பது போலத்தான் எனக்கு அது தோன்றிற்று.

நிறுவும் நிரல் ஒரு கேள்வி கேட்டது. இருப்பதன் பக்கத்தில் நிறுவலாமா, ‘டிஸ்கை அழித்து’ நிறுவலாமா, அல்லது நீங்களே பிரித்துக்கொள்கிறீர்களா? நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். ஏனென்றால் ஆறு ஆண்டுகளாக எக்ஸ்பி எனக்கு ஸி, டி, ஈ ஆகிய ஒவ்வொன்றையும் ‘லோக்கல் டிஸ்க்’ என்றே பெயரிட்டுக் காட்டி வந்தது. என் அகராதியில் ஸி ஒரு டிஸ்க், டி வேறொரு டிஸ்க். லினக்ஸின் அகராதியில் டிஸ்க் என்றால் பெட்டிக்குள் திருகி வைத்த முழு வட்டு. அதற்கு எஸ்டிஏ என்று பெயர். என் ஸி அதற்கு எஸ்டிஏ1, டி எஸ்டிஏ5, ஈ எஸ்டிஏ6. கேள்வியில் பொய்யில்லை; பதிலிலும் பொய்யில்லை. சொல் ஒன்று, பொருள் இரண்டு. தெருப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டை இடிக்கப் போனவன் கதையாயிற்று.

கால் மணி நேரத்தில் புதிய திரை அழகாக எழுந்தது. டி-யைத் தேடினேன். இல்லை. ஒளிந்திருக்கும் என்று நினைத்து அரை மணி நேரம் அந்தப் புதிய இயங்குதளத்திலேயே அங்குமிங்கும் துழாவினேன். அந்த அரை மணியும் தவறு என்று எனக்கு அப்போது தெரியாது. பிறகு பழைய எக்ஸ்பி குறுந்தகட்டைப் போட்டால் பழையபடி வந்துவிடும் என்று எண்ணி அதைச் செருகினேன். லினக்ஸ் எழுதிய பாகத்தை எக்ஸ்பி-யால் படிக்க இயலவில்லை. இன்னதென்று தெரியாத பாகம் என்று மட்டும் காட்டிற்று. நிறுவு என்ற விசையை அழுத்துவதற்கு முன்னால் ஏனோ கை தயங்கிற்று. எதிர் வீட்டில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்தேன். விவரம் முழுவதும் கேட்கக்கூட இல்லை, “மாமா, முதலில் சுவிட்சை அணைத்துவிடுங்கள். இனி அந்த வட்டில் ஓர் எழுத்துகூட எழுதக் கூடாது” என்றாள்.

அவள் வந்து உட்கார்ந்து, காகிதத்தில் கோடு போட்டு விளக்கினாள். நான் அதைப் பத்திரமாகப் புரிந்துகொண்டேன்.

அந்த வகை வட்டின் முதற்கூறு 512 பைட் கொண்டது. அதில் 446 பைட் பொறியை எழுப்பும் சிறு நிரலுக்கு. கடைசி 2 பைட் முத்திரைக்கு. நடுவில் இருக்கும் 64 பைட்டுதான் பாகப் பத்திரம். ஒரு பாகத்துக்கு 16 பைட் வீதம் நான்கே பாகங்களுக்கு அதில் இடமுண்டு. 1983-இல் ஐபிஎம் கணிப்பொறிகளுக்காகப் பிசி-டாஸ் 2.0 வெளிவந்த காலத்து ஏற்பாடு அது. நான்குக்கு மேல் வேண்டுமானால் ஒன்றை நீட்சிப் பாகமாக்கி அதற்குள் உட்பாகங்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். என் டி-யும் ஈ-யும் அப்படிப் பிரிந்தவை. இன்று நாம் தமிழில் எழுதும் ஒவ்வோர் எழுத்துக் குறிக்கும் வழக்கமாக மூன்று பைட் செலவாகிறது. அந்தக் கணக்கில் 64 பைட்டில் இருபத்தொரு குறிகள் அடங்கும். ‘நான்கெல்லைக்கு உட்பட்டது’ என்று எழுதினாலே இடம் தீர்ந்துவிடும். அவ்வளவு சிறிய சீட்டை நம்பித்தான் 320 ஜிகாபைட் நிலமும் அதிலிருந்த என் சொத்தும் இருந்திருக்கின்றன.

“சீட்டு கிழிந்தால் நிலம் போய்விடுமா?” என்று கேட்டேன்.

“போகாது மாமா. எல்லைக் கல்லைப் பிடுங்கினால் பயிர் கருகிவிடுமா? ஆனால் கல்லைப் பிடுங்கியதோடு நீங்கள் நிற்கவில்லையே, புது ஆளைக் குடிவைத்து உழவும் விட்டுவிட்டீர்களே” என்றாள். தில்லியில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு இந்த உவமை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

ஒவ்வொரு பாகத்துக்குள்ளும் அதனதன் கணக்கேடு உண்டு. நம் ஊர்க் கணக்குப்பிள்ளையிடம் இருந்த அடங்கலைப் போன்றது. எந்தக் கோப்பு எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது, அதன் பெயர் என்ன, தேதி என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். விண்டோஸ் என்டிஎஃப்எஸ் முறையில் அந்த ஏட்டை எழுதுகிறது. லினக்ஸ் பெரும்பாலும் எக்ஸ்ட்4 முறையில் எழுதுகிறது. ஒன்றின் ஏட்டை மற்றொன்று தன் ஏடாகக் கொள்ளாது. எக்ஸ்ட்4 புதிதாகக் குடியேறும்போது வட்டின் தொடக்கத்தில் மட்டும் எழுதிவிட்டு நிற்பதில்லை. தன் கணக்கேடுகளுக்காக வட்டு நெடுகிலும் விட்டுவிட்டு இடம் பிடித்துக்கொள்கிறது. நான் துழாவிக்கொண்டிருந்த அந்த அரை மணி நேரத்தில் அது பின்னணியில் அந்த இடங்களைத் துடைத்துக்கொண்டும் இருந்திருக்கிறது.

மறுநாள் நேரு பிளேஸுக்குப் போய் 1 டெராபைட் வெளிவட்டு ஒன்று வாங்கி வந்தோம். மீட்பதை அதே வட்டில் எழுதுவது கிணற்றில் விழுந்தவனைத் தூக்கக் கிணற்றிலேயே நின்று கயிறு வீசுவது போலாகும் என்பதால், முதலில் பழைய வட்டை அப்படியே அந்தப் புதிய வட்டில் ஒரே கோப்பாகப் படியெடுத்து, அந்தப் படியின் மீதுதான் வேலையைத் தொடங்கினோம். டெஸ்ட்டிஸ்க் என்ற நிரல் பழைய எல்லைகளைத் தேடிற்று. என்டிஎஃப்எஸ் தன் தொடக்கக் கூற்றின் நகலொன்றைப் பாகத்தின் கடைசியில் வைத்துக்கொள்ளும் வழக்கமுடையது; அதைக் கொண்டு டி-யின் எல்லை அகப்பட்டது. என் நெஞ்சு படபடத்தது. ஆனால் உள்ளே நுழைந்து பார்த்தால், அடங்கல் ஏட்டின் மீது புதிய குடியின் எழுத்து ஏறியிருந்தது. அந்த ஏட்டுக்கு என்டிஎஃப்எஸ் வைத்துக்கொள்ளும் நகல் முதல் நான்கு பதிவுகளுக்கு மட்டுமே. நிலம் தெரிந்தது; யார் எங்கே இருக்கிறார்கள் என்ற கணக்குத் தெரியவில்லை.

எஞ்சிய வழி ஒன்றுதான். போட்டோரெக் என்ற நிரல் ஏட்டை நம்பாமல் வட்டை அங்குலம் அங்குலமாகத் துழாவி, கோப்பின் தலைப்பகுதியிலுள்ள அடையாளத்தைக் கொண்டு ‘இது படம், இது ஒலி’ என்று பொறுக்கியெடுக்கும். பிரெஞ்சுக்காரரான கிறிஸ்தோஃப் கிரெனியே என்பவர் டெஸ்ட்டிஸ்கையும் போட்டோரெக்கையும் ஆக்கி உலகுக்கு இலவசமாக அளித்திருக்கிறார். அவருக்கு என் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு என்றும் உண்டு.

இரவு முழுவதும் நிரல் ஓடிற்று. தில்லியின் மே மாதத்து மின்வெட்டை எண்ணி இன்வெர்ட்டர் பக்கத்திலேயே படுத்திருந்தேன். காலையில் பார்த்தால் பல்லாயிரம் கோப்புகள் வந்திருந்தன. ஆனால் ஒன்றுக்கும் பெயரில்லை. ‘எஃப்’ என்ற ஓர் எழுத்தும் நீண்ட எண்ணுமாக, சிறைக்கைதிகளைப் போல வரிசையாக நின்றன. ஒலிக்கோப்புகள் மட்டும் நான்காயிரத்துக்கு மேல் இருந்தன. அவற்றில் ஒன்பது அம்மா.

அதன் பிறகு மூன்று வாரம், அலுவலகத்திலிருந்து வந்தவுடன் குளித்துவிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து சில விநாடிகள் கேட்பேன். நாதஸ்வரம், திரைப்பாடல், பிள்ளைகளின் ஆங்கிலப் பாட்டு, யாரோ செய்த உபந்நியாசம், மறுபடி திரைப்பாடல். பெயர்கள் இருந்தவரை அவையெல்லாம் எவ்வளவு எளிதில் கைக்கு வந்தன! எட்டாம் நாள் இரவு பதினொரு மணிக்கு ஒரு கோப்பைத் திறந்தேன். முதலில் சற்று இரைச்சல், சேவல் ஒன்று கூவிற்று, பிறகு, “ஏண்டா தம்பி, இது ஓடுதா?” என்று கேட்டார் அம்மா. நான் ‘ஓடுதும்மா’ என்று வாய்விட்டுச் சொன்னேன். உள்ளிருந்து என் மனைவி எழுந்து வந்து பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஒன்பதில் ஆறு முழுமையாகக் கிடைத்தன. இரண்டு கிடைக்கவேயில்லை, அவற்றில் ஒன்று நடவுப் பாட்டு. ஒன்பதாவது, புயல் பதிவு, பாதி கிடைத்தது. “காத்து திசை மாறிச்சு பாரு, அப்ப உங்கப்பா கொல்லைக் கதவைத் திறந்து...” என்ற இடத்தில் கரகரவென்ற ஓசையாக மாறி நின்றுபோகிறது. புதிய குடியின் கணக்கேடு அந்த இடத்தில்தான் கல் ஊன்றியிருக்கிறது போலும்.

தந்தையாரின் கடிதங்களும் பாதிதான் படங்களாகத் திரும்பின. அதற்கு நான் கலங்கவில்லை. மூலக் கடிதங்கள் தகரப் பெட்டியில் இருக்கின்றன, மறுபடி படமெடுத்துக்கொண்டேன். குரலுக்கு அப்படியொரு தகரப் பெட்டி இல்லை. ஒலிப்பதிவுக் கருவியில் இருந்ததையும் இடம் போதவில்லையென்று பதிந்த மாதமே அழித்திருந்தேன். ஈ-யில் ஒரு நகல் வைத்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். டி-யும் ஈ-யும் வேறு வேறு டிஸ்க் என்று நம்பியவன் அதை நகல் என்றே எண்ணினான். ஒரே கூரையின் கீழ் இரண்டு அறைகளில் நெல்லைப் பிரித்து வைத்துவிட்டு, வீடு தீப்பற்றினாலும் பாதி மிஞ்சும் என்று நினைத்ததற்கு ஒப்பானது அது.

இனி, இரண்டு இயங்குதளங்களை ஒரே பொறியில் குடிவைக்க விரும்பும் நம் இளைஞர்களுக்காக, பின்னாளில் நான் கற்ற சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது வரும் பொறிகளில் ஜிபிடி என்ற புதிய முறைப் பத்திரம் வழங்குகிறது. பொதுவாக 128 பாகங்களுக்கு அதில் இடமுண்டு. பத்திரத்தின் நகலொன்று வட்டின் கடைசியிலும் இருக்கும். நல்ல முன்னேற்றம். ஆனால் ‘முழு வட்டையும் அழி’ என்று நாமே சொன்னால் எந்தப் பத்திரமும் காப்பாற்றாது. லினக்ஸ் முறையில் எழுதிய வெளிவட்டை விண்டோஸ் பொறியில் செருகினால், ‘இதைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?’ என்று அது பணிவாகக் கேட்கும். ‘எனக்கு இந்த மொழி தெரியவில்லை’ என்பதைத்தான் அது அவ்வாறு சொல்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வட்டைக் கழற்றிவிடுவதே முறை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் விரைவுத் தொடக்கம் என்றொரு ஏற்பாடு உண்டு. அணைத்துவிட்டோம் என்று நாம் நினைக்கும்போது அது முற்றிலும் அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பாகத்தில் எழுதினால் இரண்டு கணக்கும் முரண்பட்டுக் கோப்புகள் சிதையக் கூடும். ஆகவே அந்த ஏற்பாட்டை முதலில் நீக்க வேண்டும். பாகத்தின் தொடக்க எல்லையை நகர்த்தினால் உள்ளிருக்கும் அத்தனையும் இடம் பெயர்ந்தாக வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் பாதி இங்கும் பாதி அங்குமாக நிற்கும். பிட்லாக்கர் பூட்டுள்ள பொறியில் தொடக்க அமைப்பைத் தொட்டால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கக் கூடும். அதை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். இன்றைய எஸ்எஸ்டி வட்டுகளில், வேண்டாமென்று விட்ட இடத்தை வட்டே விரைவில் துடைத்துவிடுவது வழக்கம். என்னைப்போல் எட்டாம் நாள் ஒரு குரல் திரும்பி வரும் என்று அவற்றில் எதிர்பார்ப்பதற்கில்லை.

இவையெல்லாம் அறிந்துகொள்ள வேண்டியவையே. எனினும் இவற்றுள் ஒன்றுகூட அறியாமலேயே நான் அம்மாவின் குரலைக் காத்திருக்க முடியும். அண்ணன் கேட்ட அந்த ஒரு சிடியை அனுப்பியிருந்தால் போதும். தில்லியில் ஒன்று, வெண்ணாற்றங்கரையில் ஒன்று என்று இருந்திருக்கும். எந்த இயங்குதளத்தின் தவறும் அங்கே எட்டியிராது.

ஜூன் மாதக் கடைசியில் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னேன். நான் ஏன் அனுப்பவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். சிறிது நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை. கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். “எந்த இடத்தில நிக்குதுன்னு சொன்னே?” என்று கேட்டார். கொல்லைக் கதவைத் திறந்த இடம் என்றேன்.

“அப்பா கதவைத் திறந்து வெளிய போயி, கிணத்து உருளைத் தூண்ல கயித்தைக் கட்டி, அதைப் பிடிச்சுக்கிட்டே கொட்டகைக்குப் போனாரு. மாட்டை அவுத்து விட்டுட்டு, அங்க ஒண்டியிருந்த ரெண்டு குடும்பத்தையும் அந்தக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டே வீட்டுக்குள்ள கொண்டு வந்தாரு. அந்தத் தூண் மட்டும் இல்லேன்னா அப்பாவே திரும்பி வந்திருக்க மாட்டாருன்னு அம்மா சொல்லுவாங்க. நூறு தடவை சொல்லியிருக்காங்க. எழுதிக்கோ” என்றார். எழுதிக்கொண்டேன்.

பிறகு, தாமே தொடர்ந்தார். “பாகம் பிரிக்கிறப்ப, கிணறு நான் இருக்கிற பக்கத்தில இருக்கணும்னு அம்மாதான் கேட்டாங்க தம்பி. உனக்குச் சொல்லியிருப்பாங்கன்னு நான் நினைச்சுட்டேன்.”

பதினெட்டு ஆண்டுகள் நான் காத்து வைத்திருந்த முள் அது. பத்திரத்தில் கிணறு இருந்தது. அது எந்தப் பக்கம் என்பதும் இருந்தது. ஏன் என்பதற்கு அதில் இடமிருக்கவில்லை.

அந்த ஆண்டு தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது ஆறரைப் பதிவுகளையும் மூன்று பென் டிரைவில் எடுத்துச் சென்றேன். ஒன்று அண்ணனுக்கு, ஒன்று கோவையில் இருக்கும் தங்கைக்கு, ஒன்று அண்ணன் மகனுக்கு. அண்ணன் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நடவுப் பாட்டில் தமக்கு நினைவிருந்த நான்கு அடிகளைப் பாடினார். ராகம் சரியில்லை என்று அண்ணி உள்ளிருந்து திருத்தினார். அந்த இருவர் குரலையும் இம்முறை பதிந்துகொண்டேன். இரவே நான்கு இடங்களுக்கு அனுப்பிவிட்டுத்தான் படுத்தேன்.